டேப் இறங்காத எஸ்டேட்

பணக்காரர்கள் மேல் வரியை ஏற்றினால் அவர்கள் நாட்டை விட்டே போய்விடுவார்கள் என்று போன மாதம் தொலைக்காட்சியில் ஒருவர் சொன்னார். நல்ல கோட்டு, நல்ல தமிழ். எதிரில் இருந்தவர் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றார். நடுவில் இருந்தவர் இருவரையும் மாறி மாறி அதட்டினார். ஒரு மணி நேரம் பேசினார்கள். ஏற்கெனவே போட்டிருக்கிற வரிக்காக அவர்கள் வாசலில் யாராவது இறங்கி அளந்து பார்த்தார்களா என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் அளக்கப் போனவன். சேர்வராயன் மலையில் உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். எந்த அலுவலகம், எந்த எஸ்டேட் என்று எழுதமாட்டேன். சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் எந்த எஸ்டேட்டை வைத்துப் படித்தாலும் பெரிய பிழை வராது.

எங்கள் ஓய்வூதியர் சங்க மலருக்கு மலை வாழ்க்கையின் இனிய நினைவுகளை எழுதித் தரச் சொல்லி செயலாளர் இரண்டு தடவை போன் செய்தார். பனி, மிளகுக்கொடி, காட்டெருமை எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் வீட்டு வரியைப் பற்றி எழுதுகிறேன்.

பயிற்சி பவானிசாகரில். கோப்பை எப்படித் தொடங்குவது, குறிப்பை எப்படி எழுதுவது, மேலதிகாரி வந்தால் எப்போது எழுந்து நிற்பது ஆகியவை பாடம். மூன்றாவதை எல்லோரும் முதல் நாளே கற்றுக்கொண்டோம். வீட்டு வரிக்கு அரை நாள் வகுப்பு. வெளிச்சுவரோடு அளக்க வேண்டும். கூரையா, ஓடா, மச்சா என்று பார்க்க வேண்டும். ஆள் குடியிருக்கிறார்களா, விளைச்சல் அடுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் "நேரில் பார்த்து அளந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அவ்வளவுதான். மற்றதை மலை கற்றுக்கொடுத்தது.

எங்கள் அலுவலகத்தில் நூறடித் துணி டேப் ஒன்று இருந்தது. அதன் முதல் ஒரு அடி நைந்து அறுந்து போயிருந்தது. புது டேப் கேட்டு எழுதிய கடிதத்துக்கு நான் ஓய்வு பெறும்வரை பதில் வரவில்லை. ஆகவே சுவர் மூலையில் ஒன்று என்ற எண்ணை வைத்து அளந்து, வந்த அளவில் ஒரு அடி கழித்துக்கொள்வோம். ஊருக்குள் அளக்கும்போது கழிக்க மறந்துவிடும். கிளியூரிலும் செம்மநத்தத்திலும் ஒரு பலாமரமும் நாலு செண்டு ராகியும் வைத்திருக்கிறவன் வீட்டை அளந்தால், மாட்டுக் கொட்டகை, தகரம் சாத்திய குளிக்கும் மறைப்பு எல்லாம் சேரும். இல்லாத ஒரு அடியும் சேரும். வேண்டுமென்று செய்ததில்லை. மறதிதான். அந்த மறதி ஒரு தடவைகூட எங்களுக்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்யவில்லை என்பதுதான் விசேஷம்.

எஸ்டேட்டுகளில் அந்தப் பிரச்சினையே கிடையாது. அங்கே டேப் ஜீப்பை விட்டு இறங்காது. இதுதான் வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை; எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குச் சொன்னார், அவருக்கு, அவருக்கும் முன்னால் இருந்தவர். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒரு லிஸ்ட் தயாராக வைத்திருப்பார். என்னென்ன கட்டடம், என்ன நீளம், என்ன அகலம், எல்லாம் அதில் டைப் அடித்திருக்கும். நாம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கிளம்பும்போது ஜீப்பின் பின்சீட்டில் காபித்தூள் பொட்டலம் இருக்கும். யார் வைத்தார்கள் என்று கேட்கக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த ஏழாவது வருஷம், வரியை எல்லா இடத்திலும் புதிதாகப் போடும் வேலை வந்தது. மழைக்காலம். அந்த எஸ்டேட்டுக்கு நான் போனேன். ரைட்டர் தங்கவேல் என்று ஒருவர். மடிப்புக் கலையாத சட்டை, குடை, சிரித்த முகம். லிஸ்ட்டை நீட்டினார். மூன்றே வரி. ஒன்று, காபிக் கிட்டங்கி. இரண்டு, தொழிலாளர் குடியிருப்பு, பன்னிரண்டு அறை. மூன்று, கொட்டகை, பாழ்.

"பங்களா எங்கேங்க?" என்றேன்.

"ரெண்டாவதுதானுங்க சார்."

நாங்கள் உட்கார்ந்திருந்ததே பங்களாவின் தாழ்வாரம். உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குச் சலுகை வரி.

"அப்ப லைன்?" லைன் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், இரண்டு சரிவு கீழே இருந்தது.

"அது மூணாவதுங்க. மழ நொம்ப வருது பாருங்க. அந்தப் பக்கம் ஒரே அட்டைங்க சார். எதுக்குக் கால நனைச்சுக்கறீங்க? பேப்பர்லதான் எல்லாம் இருக்குதுங்களே."

எழுதினேன். "நேரில் பார்த்து அளந்தேன்" என்றும் எழுதினேன். பயந்து எழுதினேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அன்று யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை. மழை பெய்தது, காபி நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

பதினோரு வருஷம் கழித்து, நான் அதே அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தபோது, ஒரு பெண் என் மேசை முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். தலையில் துண்டு, கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு நோட்டீஸ். பெயர் பழனியம்மாள். அந்த எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவர்.

"ஏனுங்க சார், எங்க ஊட்டுக்கு வரி போடோணுங்க."

வரியைக் குறைக்கச் சொல்லி வந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நான் ஏதாவது தப்பாகக் காதில் வாங்கினேனா என்று பார்த்தேன்.

"வரி வேண்டாம்னுதான் எல்லாரும் வருவாங்க அம்மா."

"அவிங்களுக்கெல்லாம் ஊடு இருக்குதுங்க. எங்களுக்கு ஊடே இல்லீன்னு எழுதி வச்சிருக்குதாமுங்க."

எஸ்டேட் கைமாறியிருந்தது. புது முதலாளி நகரத்துக்காரர். லைன் இருக்கும் சரிவில் விருந்தினர் அறைகள் கட்டப் போகிறார். பன்னிரண்டு குடும்பமும் காலி செய்ய வேண்டும். சேலத்தில் நடந்த விசாரணையில் அவருடைய வக்கீல் எங்கள் பதிவேட்டின் நகலைக் காட்டியிருக்கிறார்: அங்கே குடியிருப்பு எதுவும் இல்லை, இருப்பது கொட்டகை, அதுவும் பாழ். பழனியம்மாளிடம், அடுத்த வாய்தாவுக்குள் வீட்டு வரி ரசீது கொண்டு வந்தால் வீடு என்று ஒத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் இருந்தது. இல்லாவிட்டால் ஜேசிபி வரும்.

"முப்பது வருசமா அங்கதானுங்க சோறாக்கறேன். என்ற ரெண்டு புள்ளைங்களும் அங்கதான் பொறந்துதுங்க. கொட்டாயி, பாழுன்னு எந்தப் புண்ணியவான் எழுதுனானோ, அவங் கண்ணு..." என்று ஆரம்பித்தவர், அலுவலகம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். "அவங் கண்ணுல என்னமோ கோளாறு போலிருக்குதுங்க."

பதிவேடு எங்கள் இருவருக்கும் நடுவில் திறந்து கிடந்தது. என் கையெழுத்து அவரைப் பார்த்தபடி இருந்தது. இவருக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்து ஒரு கணம் நிம்மதிப்பட்டேன். அதைவிட அசிங்கமான நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

மறுநாள் எஸ்டேட்டுக்குப் போனேன். டேப்போடு இறங்கினேன். தங்கவேல் அதே குடையோடு வந்தார், தலைதான் நரைத்திருந்தது.

"டேப் எதுக்குங்க சார்? லிஸ்ட்டு இருக்குதுங்களே."

"லிஸ்ட்டை அளக்கத்தான் டேப்புங்க."

"காப்பி சொல்லிட்டனுங்களே."

"போன தடவை குடிச்ச காபியே இன்னும் இறங்கல தங்கவேல்."

லைனுக்கு முதல் முறையாக நடந்து போனேன். நடந்தால் எட்டு நிமிஷம். ஒரே சுவரில் முதுகு ஒட்டிய பன்னிரண்டு அறை. ஓடு உடைந்த இடத்தில் தகரம். ஒவ்வொரு வாசலிலும் காபிக் குச்சி விறகு. ஒவ்வொரு அறையிலும் அடுப்புப் புகை கறுத்த மூலை. பாழ் என்று சொல்லத்தக்க பொருள் அங்கே எங்கள் டேப் ஒன்றுதான். பழனியம்மாள் அதன் நுனியைச் சுவர் மூலையில் பிடித்துக்கொண்டார். அறுந்த கதையைச் சொல்லி, ஒரு அடி கழித்துக்கொள்கிறேன் என்றேன்.

"கழிக்காதீங்க சார். ஒரு அடி சேந்தே இருக்கட்டுங்க. அதுக்கும் வரி கட்டிப்போடறோம்."

"தப்பும்மா. இருக்கறதத்தான் எழுதணும்."

"இத்தன நாளு இருக்கறதயா எழுதியிருந்துது?"

கழித்துத்தான் எழுதினேன். பன்னிரண்டு வாசலிலும் கழித்தேன். அப்புறம் மேலே ஏறிப் பங்களாவை அளக்கப் போனேன்.

"இது எதுக்குங்க சார்?" என்றார் தங்கவேல். அப்போது சிரிப்பு இல்லை.

"தொழிலாளர் குடியிருப்புன்னு எழுதியிருக்கு. தொழிலாளியே நுனியைப் பிடிக்கட்டும்."

பழனியம்மாள் அந்தப் பங்களாவின் முன்வாசல் பக்கம் அதுவரை வந்ததே இல்லையாம். செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம், வெளிச்சுவர்தான் என்றேன். நூறடி டேப் அந்த வீட்டின் ஒரு பக்கத்துக்குப் போதவில்லை.

இனி எங்கள் அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞானசேகரன். கெட்டவர் இல்லை, லஞ்சம் வாங்கியதாக யாரும் சொன்னதில்லை. குரலை உயர்த்தமாட்டார். கோப்பு வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பச்சை மைப் பேனாவின் மூடியை மெதுவாகத் திருகுவார். கோப்பின் நூலை நேராக்குவார். பிறகு குறிப்பின் ஓரத்தில் "பேசவும்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுவார். வந்து என்னிடம் பேசவும் என்று அர்த்தம். போய் நின்றால், நேரமில்லை, அப்புறம் வாருங்கள் என்பார். இல்லை என்று சொன்னால் அவர் பொறுப்பு, ஆமாம் என்று சொன்னாலும் அவர் பொறுப்பு. "பேசவும்" என்று எழுதினால் பொறுப்பு நம்முடையது. அவருடைய மேசைக்குப் பின்னால் ஜன்னல் திண்டில் அப்படிப்பட்ட கோப்புகள் வெயிலில் மஞ்சளாகிக் கிடக்கும்.

புது அளவுகளோடு நான் வைத்த கோப்பு மறுநாளே "பேசவும்" என்று வந்தது. அவர் அறைக்குள் போய், உட்காரச் சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அப்படிச் செய்தால் பேசித்தான் அனுப்ப வேண்டும்.

"சுந்தரம், குறிப்பு நல்லா எழுதியிருக்கீங்க. பிழையே இல்ல."

"நன்றிங்க சார்."

"ஆனா பாருங்க, பன்னிரண்டு குடியிருப்புக்கு எஸ்டேட் வருஷா வருஷம் வரி கட்டுது. அதே பன்னிரண்டுக்கு இவங்க பேர்லயும் போட்டா இரட்டை வரி ஆயிடும். செல்லாது."

"அவங்க கட்டறது பங்களாவுக்கு சார்."

"பங்களான்னு பதிவேட்டுல எங்க இருக்கு?"

"இல்லைங்க சார்."

"இல்லாத பங்களாவுக்கு எப்படி வரி போடறது, இல்லாத லைனுக்கு எப்படி ரசீது தர்றது?" கண்ணாடியைத் துடைத்தார். "அதுவும் இல்லாம, பெரிய மனுஷங்கள இப்படிக் குடைஞ்சா அவங்க கொடைக்கானல் பக்கம் போயிடுவாங்க. அப்புறம் இங்க பணம் போட யார் வருவா? இதே லைன்காரங்களுக்கு வேலை யார் தருவா?"

"போகும்போது பங்களாவையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்களா சார்?"

அவர் கோபப்படவில்லை. பதிவேட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "பழைய பதிவு தப்புன்னா, பதிஞ்சவர் எழுத்து மூலமா ஒத்துக்கணும். நேர்ல பாக்காமப் பாத்ததா எழுதினேன்னு. அவர் வேலைக்கு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். யாரு பதிஞ்சதுன்னு நான் பாக்கல." பார்த்திருந்தார். "அடுத்த வருஷம் பொண்ணுக்குக் கல்யாணம்னு சொன்னீங்க இல்ல? வீட்டுக்குப் போய் நிதானமா யோசிங்க."

இந்த இடத்தை இளைய ஊழியர்கள் கவனிக்க வேண்டும். யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஒரு பொய்யை எழுதியிருந்தோம். அந்தப் பொய் தன்னைத் தானே காத்துக்கொண்டது. முதலாளி வக்கீல்கூட வைத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் விதிகளே அவருக்கு வக்கீல்.

அந்த விதிகள் எனக்கும் தெரியும். "பேசவும்" என்று எழுத முடியாத கோப்பு ஒன்றே ஒன்றுதான் உண்டு: ஊழியர் தன் மேலேயே குற்றம் ஒத்துக்கொண்டு கொடுக்கும் கடிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால், இருந்தவரும் கூட்டு. நான்கு வரி எழுதினேன். இன்ன பதிவை நான் நேரில் பார்க்காமல், அளக்காமல், எஸ்டேட் கொடுத்த தாளைப் பார்த்து எழுதினேன். இரண்டாவது இனம் பங்களா. மூன்றாவது இனம் ஆள் குடியிருக்கும் பன்னிரண்டு வீடு. தபால் பதிவேட்டில் எண் போடச் செய்தேன். ஒரு நகலை மேலிடத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டையைப் பார்த்ததும் ஞானசேகரன் பேனா மூடியை வேகமாகத் திருகியதை நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் பன்னிரண்டு ரசீது கொடுத்தோம். குடும்பத்துக்கு ஒன்று. பழனியம்மாள் தன் ரசீதை வாங்கி, எழுத்தைப் பார்க்காமல் முத்திரையைத்தான் பார்த்தார்.

"இதுல பாழுன்னு எங்கியாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லைம்மா. வீடுன்னு இருக்கு."

"உங்க பேரும் இருக்குதுங்களா?"

"கீழே கையெழுத்து என்னுதுதான்." அப்போதுதான் சொன்னேன், பழைய கையெழுத்தும் என்னுடையதுதான் என்று. அவர் கொஞ்ச நேரம் என் கண்ணையே பார்த்தார்.

"கண்ணாடி போட்டுட்டீங்களாட்டம் இருக்குது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மன்னிப்பு எதுவும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் கூடாது.

லைனை வீடு என்று ஒத்துக்கொண்டார்கள். ஜேசிபி வரவில்லை. பன்னிரண்டு அறையும் இன்றைக்கும் இருக்கின்றன.

பங்களா? புது அளவுப்படி வரி கேட்டு நோட்டீஸ் போனது. முதலாளி மேல்முறையீடு செய்தார். தடை கிடைத்தது. அந்தக் கோப்பு நான் ஓய்வு பெறும் நாளில் ஜன்னல் திண்டில் இருந்தது. இப்போதும் எங்கேயோ மஞ்சளாகிக்கொண்டிருக்கும். எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஒரு வருஷ ஊதிய உயர்வு நின்றது. அது நியாயம். பொய் எழுதியது நான்.

ஓய்வுக்கு ஆறு மாதம் முன்னால் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். கெட்டிக்காரர்கள். என் கடிதத்தைக் கண்டுபிடித்தார்கள். பங்களாவைத் தொழிலாளர் குடியிருப்பு என்று எழுதியதால் பதினோரு வருஷம் வரி குறைவாக வசூலாகியிருக்கிறது. இது அரசுக்கு இழப்பு என்றார்கள். சரிதானே, முதலாளியிடம் வசூலிக்கலாமே என்றேன். முடியாதாம். கேட்கப்பட்ட வரியை அவர்கள் தவறாமல் கட்டியிருக்கிறார்கள். குறைத்துக் கேட்டது ஊழியரின் தவறு. ஆகவே பதினோரு வருஷத்து வித்தியாசம் முழுவதையும் என் பணிக்கொடையில் பிடித்துக்கொண்டார்கள். விதிப்படி சரி. நான் எல்லா விதியையும் புரட்டிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. ஓட்டைகள் எல்லாம் பங்களா பக்கம்தான் இருந்தன.

பழனியம்மாள் வருஷம் பிறந்தால் முதல் ஆளாய் வரி கட்டிவிட்டு, ரசீதில் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் வீட்டுக்கு வருவார். இந்த வருஷமும் வந்தார். தொலைக்காட்சிக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பணிக்கொடைக் கதையை அவரிடம் சொன்னேன். அதுவரை அவருக்குத் தெரியாது. ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வரி கட்டுனவங்களுக்குத்தான் ஊடுன்னு சேலத்துல சொன்னாங்களுங்களே. அப்ப அந்த பங்களா உங்களுதுங்களே சார். ஒரு நா போய்ப் படுத்துட்டு வாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பஸ் ஏறிப் போனேன். முதலாளி எந்த ஊருக்கும் ஓடிப்போகவில்லை. பங்களாவின் மேல் ஒரு மாடி ஏற்றி அதை விடுதியாக்கியிருக்கிறார். முற்றத்தில் பெரிய பெரிய கார்கள். தாழ்வாரத்தில், நான் அன்று உட்கார்ந்த இடத்தில், யாரோ பீங்கான் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டில் புது வாட்ச்மேன், கொட்டச்சேடு பக்கத்து ஆள், மரியாதையானவர்.

"புக்கிங் இருக்குதுங்களா?"

"இல்லைங்க. இந்த வீட்டுக்குப் பதினோரு வருஷம் வரி கட்டியிருக்கேன். உள்ளே பார்க்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேட்டை லேசாக இழுத்துச் சாத்தினார்.

"வரி எல்லாருந்தானுங்க கட்டறோம். புக்கிங் இருந்தாத்தான் உள்ள உட முடியுங்க."